புளோரிடாவின் டோஹோ ஏரியில் குளிர்காலப் பெரும்பாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் முதல் மார்ச் வரை நடு புளோரிடாவில் பெரிய லார்ஜ்மவுத் பாஸ் (அகன்ற வாயுள்ள நன்னீர் வேட்டை மீன்; சுருக்கமாகப் பாஸ்) பிடிக்க விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இவை. ஆர்லாண்டோவுக்குத் தெற்கே, கிஸிமி ஊரை ஒட்டிக் கிடக்கும் டோஹோபெகாலிகா ஏரியை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். அங்கே எல்லோரும் அதை டோஹோ என்றுதான் சொல்கிறார்கள். டிஸ்னி பார்க்க விடுமுறைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவருக்குத் தூண்டில் ஆசை இருக்கும். ஏரி அங்கிருந்து அரை மணி நேரப் பயணம்தான்.

குளிரில் மீன் சோம்பிக் கிடக்கும் என்பார்களே, அப்போது ஏன் போக வேண்டும்?

வட மாநிலங்களில் அது உண்மை. அங்கே ஏரி உறைந்துவிடும். பாஸ் ஆழத்துக்குப் போய் அசையாமல் கிடக்கும். டோஹோவில் கதை வேறு. ஜனவரியில்கூட நீரின் வெப்பம் பெரும்பாலும் 55 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 13 முதல் 18 செல்சியஸ் வரை இருக்கும். பாஸ் முட்டையிடத் தொடங்குவது 60 டிகிரியைத் தாண்டும்போது. அதனால் நம் மார்கழி, தை, மாசி மாதங்கள்தான் இந்த ஏரியில் சினை மீன்கள் கரையை நோக்கி வரும் காலம்.

பெரிய பாஸ் எல்லாம் அநேகமாகப் பெண் மீன்களே. ஆண் 5 பௌண்டு தாண்டுவதே அபூர்வம். கோடையில் இந்தப் பெண் மீன்கள் ஏரி முழுவதும் பரவிப் பாசிக்குள் கிடக்கும். எங்கே தேடுவது என்றே தெரியாது. குளிர்காலத்தில் அவை தாமாகவே ஆழம் குறைந்த, அடையாளம் தெரிந்த இடங்களுக்கு வருகின்றன. வயிற்றில் சினை இருப்பதால் எடையும் ஆண்டின் உச்சத்தில் இருக்கும். அளவில் பெரிய மீன் வேண்டும் என்றால் இதைவிட நல்ல காலம் இல்லை. எண்ணிக்கை வேண்டும் என்றால் ஏப்ரலுக்குப் பிறகு வாருங்கள்.

எவ்வளவு எடை இருந்தால் 'பெரிய மீன்' என்று சொல்லலாம்?

புளோரிடாவில் 8 பௌண்டு (3.6 கிலோ) என்பது மதிப்பு தொடங்கும் எல்லை. 10 பௌண்டு (4.5 கிலோ) என்பது பலர் வாழ்நாள் முழுக்கத் தேடும் எண். 13 பௌண்டு (5.9 கிலோ) வந்தால் ஊரே பேசும். மாநிலத்தின் அதிகாரபூர்வ சாதனை 17.27 பௌண்டு. 1986 ஜூலையில் போல்க் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) பிடிபட்டது. 1923-ல் பாஸ்கோ கவுண்டியில் 20 பௌண்டு 2 அவுன்ஸ் மீன் ஒன்று பிடிபட்டதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் அது சான்றளிக்கப்படாத கணக்கு.

10 பௌண்டு மீன் என்றால் அதற்குச் சுமார் பத்து வயது இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் மீனைக் கையாள்வது பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

புளோரிடா பாஸ் என்பது தனி இனமா?

ஆம். முன்பெல்லாம் லார்ஜ்மவுத் பாஸின் ஒரு கிளையினம் என்றே கருதினார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இப்போது தனி இனமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வடக்கத்தி பாஸைவிட இது பெரிதாக வளரும். ஆனால் திடீர்க் குளிர் இதற்கு ஒத்துக்கொள்ளாது. வளரும் அளவைப் பார்த்துத்தான் 1959-ல் கலிபோர்னியாவின் சான் டியாகோ பக்கத்து நீர்த்தேக்கங்களுக்கும், 1970களில் டெக்சஸுக்கும் இதைக் கொண்டுபோனார்கள். இரண்டு இடங்களிலும் மீன் பெருத்தது.

புளோரிடாவில் ஆயிரக்கணக்கில் ஏரிகள் இருக்கும்போது டோஹோ எதற்கு?

சுமார் 18,800 ஏக்கர் ஏரி. பெரும்பாலான இடங்களில் ஆழம் 10 அடிகூட இல்லை. அடி முழுக்கப் பாசி, கோரை, அல்லி. மீனுக்கு உணவும் உண்டு, மறைவும் உண்டு. வடமேற்கில் ஷிங்கிள் கிரீக் ஓடை வந்து சேர்கிறது. தெற்கில் கால்வாய் வழியாக சைப்ரஸ் ஏரி, ஹாட்சினிஹா, கிஸிமி ஏரி என்று தொடர்ந்து, கடைசியில் ஒகிசோபி ஏரி வரை தண்ணீர் போகிறது.

பேர் வாங்கித் தந்தது ஒரு நாள். 2001 ஜனவரி 17 அன்று, பாஸ் (B.A.S.S.) என்றே பெயர் கொண்ட அமெரிக்க மீன்பிடிப் போட்டி அமைப்பின் போட்டி ஒன்றில் டீன் ரோஹாஸ் என்ற வீரர் இந்த ஏரியில் ஐந்து மீன்களைப் பிடித்து 45 பௌண்டு 2 அவுன்ஸ் எடை காட்டினார். சராசரியாக ஒவ்வொன்றும் 9 பௌண்டு! முட்டையிடக் கரைக்கு வந்த பெண் மீன்கள் அவை. அந்த அமைப்பின் போட்டிகளில் ஒரே நாளில் ஐந்து மீனுக்கு அதுதான் இன்னும் சாதனை எடை. நடு ஜனவரி என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மதகு கட்டி நீர்மட்டத்தை ஒரே அளவில் வைத்ததால் கரையோரம் சேறும் மக்கிய செடிகளும் சேர்ந்துகொண்டே போயின. பாஸ் கூடு கட்ட மணலோ கெட்டித் தரையோ வேண்டும். சேற்றில் முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும். அதற்காக 1971-ல் தொடங்கிச் சில முறை ஏரியை வேண்டுமென்றே வற்றவைத்தார்கள். 2004-ல் வற்றவைத்தபோது இயந்திரங்கள் கொண்டு கரையோரச் சேற்றை வழித்தெடுத்தார்கள். குளம் தூர்வாருவதன் அருமை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மணல் திட்டுகளில்தான் மீன் கூடு கட்டியது.

எந்த மாதம் நல்லது? தேதியை முன்கூட்டியே முடிவு செய்யலாமா?

ஜனவரி கடைசி முதல் மார்ச் நடு வரை என்று சொல்வேன். ஆனால் தேதியைவிட வானிலைதான் முக்கியம். மூன்று, நான்கு நாட்கள் தொடர்ந்து வெயில், இரவிலும் குளிர் குறைவு, நீர் 60-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் பிப்ரவரி 3 ஆனாலும் மார்ச் 3 ஆனாலும் அதுவே நல்ல நாள். நீர் 62 டிகிரியில் இருப்பது மட்டும் போதாது. 58-லிருந்து ஏறி 62-க்கு வந்ததா, 68-லிருந்து இறங்கி 62-க்கு வந்ததா என்று பாருங்கள். முதலாவது என்றால் மீன் தின்னும். இரண்டாவது என்றால் வாயைத் திறக்காது.

எல்லா மீனும் ஒரே நாளில் முட்டையிட வருவதில்லை. அலை அலையாக வரும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி அலை பெரிதாக இருக்கும் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. நானும் பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் பௌர்ணமியும் குளிரலையும் சேர்ந்து வந்தால் குளிரலைதான் வெல்லும்.

நாங்கள் வரும் நேரத்தில் குளிரலை வந்துவிட்டால் என்ன செய்வது?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்கூட வடக்கிலிருந்து குளிர்முகம் (குளிர்க்காற்றுத் திரளின் முன்விளிம்பு) இறங்கி வரும். வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று, மேகம், சில நேரம் மழை. பிறகு காற்று சட்டென்று வடக்குக்குத் திரும்பும். மறுநாள் ஒரு மேகம்கூட இல்லாத பளிச்சென்ற நீல வானம், காதைக் கடிக்கும் காற்று. ஆழம் குறைந்த ஏரி என்பதால் இரண்டே இரவில் நீர் 8, 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கிவிடக் கூடும்.

குளிர்முகம் வருவதற்கு முந்தைய நாள், அதாவது காற்று தெற்கிலிருந்து வீசி மேகம் கூடும் நாள், ஆண்டிலேயே சிறந்த நாளாக இருக்கலாம். அன்றைக்கு எப்படியாவது தண்ணீரில் இருங்கள். மாலை நான்கு மணிக்குத்தான் விமானம் இறங்குகிறது என்றால்கூட ஒரு மணி நேரமாவது போய் வரலாம்.

வந்து போன மறுநாள், வானம் அழகாக இருக்கிறதே என்று நம்பி ஏமாறாதீர்கள். மீன் ஏரியை விட்டு எங்கும் போய்விடவில்லை. பக்கத்திலேயே இருக்கும் அடர்ந்த பாசிக்குள், மிதக்கும் செடித் திட்டுகளுக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடும். விரட்டிப் பிடித்துத் தின்னாது. மூக்குக்கு நேராக வந்தால் மட்டும் வாய் திறக்கும். அன்றைக்கு இரண்டு வழிதான். ஒன்று, கனமான ஈயம் கட்டிய ரப்பர் லூரை (செயற்கை இரையை) செடித் திட்டைத் துளைத்து நேராக இறக்குவது. இன்னொன்று, உயிருள்ள ஷைனர் என்ற இரைமீனை அந்தத் திட்டின் விளிம்பில் பொறுமையாக விட்டுவைப்பது. விடிகாலைக்கு அவசரப்பட வேண்டாம். பத்து மணிக்கு மேல், வெயில் கொஞ்சம் தண்ணீரைத் தொட்ட பிறகு தொடங்குங்கள். பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரைதான் வாய்ப்பு அதிகம்.

இடம் தேர்வில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. காற்று வடக்கிலிருந்து வருவதால் ஏரியின் வடகரைதான் காற்றுக்கு மறைவு. அங்கே தண்ணீர் அமைதியாக இருக்கும். வெயில் நேராக விழும். மற்ற இடங்களுக்கு முன்னால் சூடேறும். மூன்றாம் நாள் முதலில் மீன் அசையத் தொடங்குவது அங்கேதான்.

குளிரால் பாஸ் செத்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். 2010 ஜனவரியில் புளோரிடாவில் நீண்ட கடுங்குளிர் வந்தபோது வெப்பமண்டல வெளிநாட்டு மீன்கள் ஏராளமாகச் செத்து மிதந்தன. பாஸ் தாக்குப்பிடித்தது. அது சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. அவ்வளவுதான்.

ஹைட்ரில்லா, ஹைட்ரில்லா என்கிறார்களே, அது என்ன?

நீருக்கடியில் கொடி போல நீண்டு வளரும் ஒரு பாசி. நம் ஊர்க் குளங்களில் சாதாரணமாகப் பார்ப்பதுதான். 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்கு வந்தது. தொட்டியிலிருந்து கால்வாய்க்குப் போய், அங்கிருந்து மாநிலமெங்கும் பரவிவிட்டது. டோஹோவில் சில ஆண்டுகள் ஏரியின் பெரும்பகுதியையே மூடிவிடும்.

படகுக்காரர்களுக்கு அது தொல்லை, வெள்ளம் வடிவதற்குத் தடை. அதனால் அரசு களைக்கொல்லி தெளிக்கிறது. மீன்பிடிப்பவர்களோ அதுதான் பாஸின் வீடு என்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மீன் கூடு கட்டும் மாதங்களில், கூடு கட்டும் கரையோரங்களில் தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். நீங்கள் போவதற்கு முன் எந்தப் பகுதியில் மருந்து தெளித்திருக்கிறார்கள் என்று படகுத்துறைக் கடையில் கேளுங்கள். செடி பழுப்பாகி அழுகும் இடத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உயிருள்ள ஷைனர் வைத்துப் பிடிப்பது எப்படி?

முதன்முறை வருகிறவர், ஒரே ஒரு பெரிய மீன் பார்த்தால் போதும் என்கிறவர், இதைத்தான் செய்ய வேண்டும். லூர் வீசுவதில்தான் கௌரவம் என்று சிலர் சொல்வார்கள். நடு புளோரிடாவில் ஷைனர் தூண்டில் தலைமுறைகளாக வரும் முறை. இதில் குறைவு எதுவும் இல்லை.

கோல்டன் ஷைனர் என்பது ஒரு வெள்ளிப் பொன் நிறக் கெண்டை வகை. 6 முதல் 10 அங்குலம் வரை இருப்பதை வாங்குங்கள். பண்ணையில் வளர்த்தது வேண்டாம். ஏரியில் பிடித்த காட்டு ஷைனர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பாஸுக்குப் பயந்தே வளர்ந்த மீன் அது. பாஸ் பக்கத்தில் வந்தால் துடிக்கும், தப்பிக்கப் பார்க்கும். அந்தத் துடிப்புதான் பாஸைத் தூண்டுகிறது. பண்ணை மீனுக்கு அந்தப் பயமே தெரியாது. டஜன் கணக்கில் விற்பார்கள், மலிவில்லை, கையிருப்பும் குறைவு. குளிர்காலத்தில் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

செடி விளிம்பிலிருந்து ஒரு வீச்சுத் தூரத்தில் படகைச் சத்தமில்லாமல் நிறுத்துங்கள். மேலே தக்கை, அதற்குக் கீழே இரண்டு முதல் நான்கு அடி விட்டுத் தூண்டில் முள். மீனை இழுத்துக்கொண்டு மெதுவாகப் படகில் போவதென்றால் முள்ளை இரு உதடுகளிலும் சேர்த்துக் கோத்துவிடுங்கள். நின்ற இடத்தில் செடிக்கு அடியில் அது தானாக நீந்திப் போக வேண்டுமென்றால் பின்பக்கம், வால்பக்கத் துடுப்புக்கு அருகே கோக்க வேண்டும். இழுப்பு பின்னாலிருந்து வருவதால் அது முன்னோக்கி, செடிக்குள் போகப் பார்க்கும்.

பிறகு தக்கையை மட்டும் பாருங்கள். சும்மா ஆடிக்கொண்டிருந்த தக்கை திடீரென்று நடுங்கத் தொடங்கும், ஷைனர் சில நேரம் தண்ணீருக்கு மேலேயே துள்ளும். அடியில் பாஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். கையை அடக்கிக்கொள்ளுங்கள். தக்கை மூழ்கி நகரத் தொடங்கியதும் தொய்வைச் சுற்றி எடுத்து, நூல் இறுகியவுடன் இழுங்கள். பழைய ஆட்கள் நீண்ட நேரம் விழுங்க விடுவார்கள். அது தவறு, முள் தொண்டைக்குப் போய்விடும். வட்ட முள் போட்டால் வெட்டி இழுக்கவே வேண்டாம். நூலை இறுக்கினால் போதும், வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் இடம் மாறுங்கள்.

லூர் மட்டும்தான் போடுவேன் என்றால்?

தாராளமாக. விரால் பிடிக்கச் செடிக்கு மேல் தவளை லூர் ஓட்டிப் பழகியவர்களுக்கு டோஹோவில் கை உடனே பழகிவிடும். ஆனால் தவளை லூர் வெதுவெதுப்பான தண்ணீருக்கானது. குளிரில் மேற்பரப்புக்கு மீன் அவ்வளவாக வராது. மூழ்கிய ஹைட்ரில்லாவுக்கு மேலே கிலுகிலுப்பைச் சத்தம் போடும் தட்டை லூரை இழுத்து, செடியில் மாட்டினால் வெடுக்கென்று பிடுங்கி விடுவிப்பது ஜனவரியில் நன்றாக வேலை செய்யும். பெரும்பாலும் அந்தப் பிடுங்கலில்தான் கடிக்கும். கோரை வரிசையை ஒட்டி, துடுப்பு வால் வைத்த ரப்பர் புழுவை மெதுவாகச் சுற்றி இழுக்கலாம். கூடு கட்டும் இடங்களில் ஈயமே இல்லாத, குச்சி வடிவ ரப்பர் புழுவை வீசிவிட்டுச் சும்மா இருப்பது போதும். தானாக ஆடிக்கொண்டே இறங்கும்.

நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். டோஹோ தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கும். கறுப்பும் நீலமும் கலந்தது, அடர் ஊதாவில் பச்சைப் பொட்டு வைத்தது, இரண்டும் போதும்.

என்ன கம்பு, என்ன நூல்?

செடிக்குள்ளிருந்து 10 பௌண்டு மீனை வெளியே இழுக்க வேண்டும் என்பதை நினைத்து வாங்குங்கள். ஏழரை அடிக்குக் குறையாத கனமான கம்பு, 65 பௌண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்). செடித் திட்டைத் துளைக்க ஒன்று முதல் ஒன்றரை அவுன்ஸ் டங்ஸ்டன் எடை. ஷைனருக்கு 50 பௌண்டு பிரெய்டு, அல்லது தங்கூசி என்றால் 25 பௌண்டுக்கு மேல்; முள் 5/0 முதல் 7/0 அளவு வரை. மெல்லிய நூலில் பெரிய மீனை விளையாட்டுக் காட்டிச் சோர்வடைய விடுவது வீரம் இல்லை. மீனுக்குத்தான் ஆபத்து.

கூட்டில் இருக்கும் மீனைப் பிடிப்பது சரியா?

சட்டப்படி தடையில்லை. புளோரிடாவில் பாஸுக்குப் பிடிக்கக் கூடாத மூடு காலமே கிடையாது. சரியா என்று கேட்டால் என் பதில் கொஞ்சம் நீளம்.

ஆண் பாஸ் வாலால் தரையை வழித்து இரண்டு மூன்று அடி அகலத்தில் வட்டமான பள்ளம் செய்யும். தண்ணீர் தெளிவாக இருந்தால் கோரைத் தண்டுகளுக்கு அடியில், அல்லி வேர்களுக்கு நடுவில் வெளிர் நிற வட்டமாகத் தெரியும். பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுக்க ஆணுக்குத்தான். முட்டை பொரிய சில நாட்கள் ஆகும். குஞ்சுகள் கூட்டமாக நீந்தத் தொடங்கிய பிறகும் அது சுற்றிச் சுற்றிக் காவல் காக்கும். கூட்டைச் சுற்றி புளூகில் போன்ற சிறு மீன்கள் காத்துக்கொண்டே இருக்கின்றன. ஆணை நீங்கள் படகில் ஏற்றி ஐந்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தால், திரும்பும்போது முட்டை மிச்சம் இருக்காது.

அதனால் நான் வைத்திருக்கும் வரையறை இது: கூட்டில் காவல் நிற்கும் சிறிய ஆணைத் தொடுவதில்லை. முட்டையிட வந்திருக்கும் பெரிய பெண் மீனை யாராவது பிடித்தால், பிடித்த இடத்திலேயே, ஒரு நிமிடத்துக்குள், திரும்ப விட வேண்டும். படகிலுள்ள உயிர்த்தொட்டியில் போட்டு ஏரியின் மறுகோடிக்குக் கொண்டுபோகவே கூடாது. என்னைக் கேட்டால், கூட்டுக்கு வரும் வழியில், வெளிப்புறச் செடி விளிம்பில் காத்திருந்து பிடிப்பதுதான் மேல். மீனும் இன்னும் முட்டையிடாத முழு எடையில் இருக்கும், தின்னும் பசியும் இருக்கும்.

பெரிய மீன் கைக்கு வந்துவிட்டது. அடுத்து?

வலை ரப்பர் பூசியதாக இருக்கட்டும். முள்ளைக் கழற்றும்வரை மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்திருங்கள். கேமரா, தராசு, அளவு நாடா மூன்றும் தயாரான பிறகு தூக்குங்கள். கையை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கையும் காய்ந்த தரையும் மீனின் மேலுள்ள வழவழப்பைத் துடைத்துவிடும், பிறகு அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கீழுதட்டை ஒரு கையால் பிடித்தால் மறுகை வயிற்றுக்கு அடியில் இருக்க வேண்டும். 8 பௌண்டுக்கு மேற்பட்ட மீனை உதட்டில் மட்டும் பிடித்துச் சாய்வாகத் தூக்கினால் தாடை விலகிவிடும். அப்புறம் அதனால் இரை பிடிக்க முடியாது. நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் நேரம்தான் அது வெளியே இருக்கலாம்.

முள் ஆழமாகப் போயிருந்தால் பலமாகப் பிடுங்காதீர்கள். செவுள் வழியாக முள்ளைத் திருப்பி எடுக்கத் தெரிந்தவர் இருந்தால் எடுக்கட்டும். இல்லையென்றால் நூலை முள்ளுக்கு நெருக்கமாக வெட்டி விட்டுவிடுங்கள்.

தராசு இல்லை. எடையை எப்படிச் சொல்வது?

நீளத்தையும், உடலின் அகலமான இடத்தில் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் எடை பௌண்டில் வரும். 25 அங்குல நீளம், 19 அங்குலச் சுற்றளவு என்றால் 11 பௌண்டுக்குக் கொஞ்சம் மேல். இது தோராயம்தான்.

பிடித்ததற்கு ஏதாவது அங்கீகாரம் உண்டா?

உண்டு. புளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் 2012 அக்டோபரில் டிராஃபிகேட்ச் என்ற திட்டத்தைத் தொடங்கியது. 8 பௌண்டும் அதற்கு மேலும் உள்ள பாஸைப் பிடித்து உயிரோடு திரும்ப விட்டவர்களுக்குப் பரிசு. 8, 10, 13 பௌண்டு என்று மூன்று படிகள். மீன் முழுதும் தராசில் தொங்குவதும், எடை எண்ணும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். 13 பௌண்டைத் தாண்டினால் உங்கள் மீனின் கண்ணாடி இழைப் பிரதியை இலவசமாகச் செய்து தருகிறார்கள். மீனைக் கொன்று பாடம் செய்து சுவரில் மாட்டிய காலம் போகட்டும். அளவும் படமும் இருந்தால் பிரதி அச்சாக அப்படியே வரும். மீன் அடுத்த ஆண்டும் முட்டையிடும்.

லைசென்ஸ், எண்ணிக்கை விதிகள்?

16 வயதும் அதற்கு மேலும் ஆன பயணிகளுக்கு நன்னீர் மீன்பிடி உரிமம் கட்டாயம். வெளிமாநில, வெளிநாட்டுப் பயணிகளுக்கு 3 நாள், 7 நாள், ஓராண்டு உரிமங்கள் இருக்கின்றன. இணையத்தில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். வழிகாட்டியின் படகில் போனாலும் நன்னீரில் உங்களுக்குத் தனி உரிமம் வேண்டும். கடல் படகுகளில் இருக்கும் சலுகை இங்கே இல்லை. பலர் இதில்தான் தவறு செய்கிறார்கள். 2016 ஜூலை முதல் மாநில அளவில் பாஸ் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து; அவற்றில் ஒன்று மட்டுமே 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம்.

பாஸைக் குழம்பு வைக்கலாமா?

விதிக்குள் இருந்தால் வைக்கலாம். ஆனால் பெரிய மீனை வேண்டாம். வயதான கொன்றுண்ணி மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநில அரசே அறிவுரை வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கட்டாயம் கவனிக்க வேண்டும். ருசிக்கு வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே அதே ஏரியில் கிராப்பி மீன் கூட்டமாகக் கிடைக்கும், நாளொன்றுக்கு 25 வரை வைத்துக்கொள்ளலாம். வறுவலுக்கு அதை மிஞ்ச பாஸால் முடியாது.

உலக சாதனை மீன் குளிர்காலத்தில் பிடிபட்டதா?

இல்லை. ஜார்ஜியாவில் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி 22 பௌண்டு 4 அவுன்ஸ் மீனைப் பிடித்தது 1932 ஜூன் 2 அன்று. ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதற்குச் சமமான மீனைப் பிடித்தது 2009 ஜூலை 2 அன்று. புளோரிடா சாதனையும் ஜூலைதான். மறுபக்கம், டெக்சஸின் 18.18 பௌண்டு சாதனை 1992 ஜனவரி 24 அன்று ஃபோர்க் ஏரியில் வந்தது. பேரி செயின்ட் கிளேர் கிராப்பிக்காகச் சிறு மீன் இரை போட்டுக்கொண்டிருந்தபோது மாட்டியது அது. ஒரு தனி மீன் எப்போது வேண்டுமானாலும் வரும். ஒரு வாரம் விடுமுறை எடுத்து வருகிறவருக்கு வாய்ப்பு எப்போது கூடுதல் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் குளிர்காலம்.

முதலை பயம் உண்டா? குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

அலிகேட்டர் முதலைகள் நிறையவே உண்டு. குளிரில் கரையில் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும். தள்ளியே இருங்கள், தண்ணீரில் காலைத் தொங்கவிடாதீர்கள், எதையும் தின்னப் போடாதீர்கள். போடுவது சட்டப்படி குற்றமும்கூட. உண்மையான ஆபத்து மூடுபனி. குளிர்காலக் காலையில் பத்தடி தெரியாது. பனி விலகும்வரை துறையிலேயே காத்திருங்கள். படகு ஓடும்போது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உயிர்காப்புச் சட்டை சட்டப்படி கட்டாயம், பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். புளோரிடாதானே என்று டி-ஷர்ட்டோடு வந்துவிட வேண்டாம். விடிகாலையில் வேகப் படகின் காற்று எலும்பைத் துளைக்கும்.

நத்தை தின்னும் பருந்து ஒன்று இந்த ஏரியில் கூடு கட்டுகிறது. அழியும் நிலையில் இருக்கும் பறவை. கூட்டைச் சுற்றி எல்லைப் பலகை நட்டிருப்பார்கள். அதற்குள் எவ்வளவு நல்ல செடி விளிம்பு தெரிந்தாலும் போகாதீர்கள்.

வழிகாட்டி இல்லாமல், படகு இல்லாமல் முடியுமா?

ஒரே நாள் வருகிறவர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. படகு, ஷைனர், இடம் மூன்றும் அவர் பொறுப்பு. முன்பதிவு செய்யும்போதே "பெரிய மீன் ஒன்று போதும், எண்ணிக்கை வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் நாளைத் திட்டமிடும் விதமே மாறிவிடும். குளிரலை வந்தால் நாளை மாற்றித் தர முடியுமா என்றும் கேட்டு வையுங்கள்.

படகு இல்லாதவர்களுக்குக் கிஸிமி ஏரிக்கரைப் பூங்காவில் மீன்பிடி மேடை இருக்கிறது. அது வடகரை என்பதால் வடக்குக் காற்றுக்கு மறைவு. நான் மேலே சொன்ன சூடேறும் கரை அதுதான். தக்கையும் ஒரு டஜன் ஷைனரும் எடுத்துக்கொண்டு பிற்பகலில் போங்கள். நீளமான கைப்பிடி வைத்த வலை ஒன்று கட்டாயம் வேண்டும். மேடையிலிருந்து பெரிய மீனை நூலால் தூக்கினால் நூலோ தாடையோ அறுந்துவிடும்.